விறகுத் தொட்டியும் வெடிமருந்தும்

சட்டப் புத்தகம் படிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. "உமக்கு எதற்கையா இது? நாவல் எழுதுகிறவருக்குக் காதல் போதாதா?" என்று கேட்கிறார்கள். காதலைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மனிதர்கள் எதைக் கண்டு பயந்தார்கள், எதற்காக அடுத்த வீட்டுக்காரனோடு சண்டை போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பழைய சட்டங்களைப் போன்ற கதைப் புத்தகம் வேறில்லை. "இதைச் செய்யாதே" என்று ஒரு சட்டம் சொன்னால், யாரோ ஒருவன் அதைச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் வேறொருவன் தூக்கம் கெட்டிருக்கிறான். மூன்றாவது ஆள் ஒருவன் மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒரு கதைக்கு இவ்வளவு போதாதா?

நான் சொல்ல வந்த கதைக்குக் கதாநாயகன் கிடையாது. தொழிற்சாலையின் முற்றம்தான் அதன் கதாநாயகன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தொழிற்சாலை என்றால் நாம் கட்டடத்தையும் யந்திரத்தையும் புகைபோக்கியையும் நினைக்கிறோம். கட்டடத்துக்குள் நடப்பதைக் கவனிக்கச் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆனால் எந்தத் தொழிற்சாலையும் கட்டடத்தோடு முடிந்துவிடுவதில்லை. வெளியே விறகு அடுக்கியிருக்கும். எண்ணெய்ப் பீப்பாய் உருண்டு கிடக்கும். சாம்பல் மேடு, துருப்பிடித்த இரும்பு, உடைந்த கண்ணாடி, கந்தல் மூட்டை எல்லாம் வானம் பார்த்துக் கிடக்கும். இவையெல்லாம் எங்கே கிடக்கலாம், எவ்வளவு உயரம் கிடக்கலாம், யாருடைய வீட்டுக்கு எத்தனை தூரத்தில் கிடக்கலாம்? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் இருநூறு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சமவெளியில் இந்தக் கேள்வி அவ்வளவாக உறைக்காது. வேண்டாத சாமானைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு, முன்வாசலில் கோலம் போட்டுக்கொள்ளலாம். நீலகிரியில் அப்படிச் செய்ய முடியாது. மலையில் கொல்லைப்புறம் என்பதே கிடையாது. மேல் இருக்கிறது, கீழ் இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவனுடைய கொல்லை இன்னொருவனுடைய தலைக்கு மேலே இருக்கிறது. குன்னூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு கீழ் வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். இங்கே மழை பெய்தால் மேலே கிடப்பதெல்லாம் கீழே இறங்கி வந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் முதலில் ஒழுங்காக யோசித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நெப்போலியன் காலத்தில், 1810-ஆம் ஆண்டு அக்டோபரில், ஓர் ஆணை பிறந்தது. அது தொழில்களை மூன்று வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்புத் தொழில்கள் குடியிருப்புகளுக்குத் தூரத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புத் தொழில்கள் அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் அண்டை அயலாருக்குக் கெடுதல் வராது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பு, வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்துகொள்ளலாம். இன்றைக்கு நம்முடைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறதே, அதற்கு இந்த ஆணையைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

நீலகிரியில் கதை விறகில் ஆரம்பிக்கிறது. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். சில வருஷங்களில் உதகையில் கல் வீடு கட்டினார், ஏரி வெட்டினார். அவரைத் தொடர்ந்து சீமைத் துரைமார்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். துரைமார் வந்தால் குளிர் காய அடுப்பு வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். சோலைக் காடுகள் அடுப்பில் போக ஆரம்பித்தன. சோலை மரம் மெள்ள வளரும் ஜாதி. வெட்டினால் பேரன் காலத்தில்தான் திரும்பி வரும். ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்களை நட்டார்கள். 1843-இல் முதலில் வந்த யூகலிப்டஸ், அதாவது நம் ஜனங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் மரம், பிறகு விறகுக்கென்றே தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது அடுப்புகளும் பெருகின. பச்சைத் தேயிலையை வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் சூடு வேண்டுமே! ஊர்களில் விறகுத் தொட்டிகள் முளைத்தன.

விறகுத் தொட்டியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருக்கிறது என்பது நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்ட எல்லாருக்கும் தெரியும். பனிக்காலத்துக்குப் பின், ஜனவரி பிப்ரவரியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது, ஓர் ஒற்றைப் பொறி போதும். பக்கத்தில் மரச்சட்டமும் தகரமுமாக வரிசை வீடுகள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உதகையிலும் குன்னூரிலும் 1866-ஆம் ஆண்டு முனிசிபாலிடிகள் ஏற்பட்டன. ஆனால் முற்றத்தைப் பற்றிய சட்டத்தை விஸ்தாரமாகப் படிக்க வேண்டுமானால் 1920-ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். அதன் 249-ஆவது பிரிவும், கடைசியில் உள்ள ஐந்தாவது அட்டவணையும் எனக்கு மிகவும் பிடித்தவை. அட்டவணையில் சொன்ன காரியங்களுக்கு லைசென்சு இல்லாமல் எந்த இடத்தையும் உபயோகிக்கக் கூடாது என்று கவுன்சில் அறிவிக்கலாம். எப்படி அறிவிப்பது? ஜில்லா கெஜட்டில் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, தமுக்கும் அடிக்க வேண்டும்! கெஜட் படிக்கிறவன் விறகுத் தொட்டி வைத்திருக்க மாட்டான், விறகுத் தொட்டி வைத்திருக்கிறவன் கெஜட் படிக்க மாட்டான் என்று அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அட்டவணையைப் படித்தால் ஒரு பழைய ஊரின் கடைத்தெரு கண்ணுக்கு முன்னால் வருகிறது. எலும்பு, கந்தல், தோல், வைக்கோல், விறகு, கரி, மரம், பஞ்சு, வெடிமருந்து என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சில சாமான்களைச் செய்வதற்கு லைசென்சு வேண்டும். பலவற்றுக்குச் சும்மா சேர்த்து வைப்பதற்கே லைசென்சு வேண்டும். இதில்தான் விசேஷம் இருக்கிறது. குவியல் என்பதே ஒரு காரியம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதை யாரும் தொட வேண்டாம். யந்திரம் ஓட வேண்டாம். அது அங்கே கிடக்கிறது என்பதே அடுத்த வீட்டுக்காரனுக்கு ஒரு சமாசாரம்.

பட்டியலை எழுதியவர் எதை வைத்து எழுதினார் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. மூக்கையும் நெருப்பையும் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். நாறுவது ஒரு பக்கம், பற்றிக்கொள்வது ஒரு பக்கம். எலும்பும் தோலும் நாறும். வைக்கோலும் பஞ்சும் பற்றிக்கொள்ளும். நாறாமலும் எரியாமலும் கெடுதல் செய்கிற வஸ்து ஒன்று உண்டு என்பது அந்தப் பட்டியலின் மனத்தில் அவ்வளவாகப் படவில்லை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பற்றிக்கொள்ளும் வஸ்துக்களில் ராஜா நீலகிரிக்கு வந்த வருஷம் 1903. குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அடுத்த வருஷம் உற்பத்தி ஆரம்பமாயிற்று. கார்டைட் என்பது புகை குறைந்த வெடிமருந்து. நைட்ரோ கிளிசரினையும் வெடிபஞ்சையும் சேர்த்துப் பிசைந்து, சேமியா பிழிவது போல நூல் நூலாகப் பிழிந்தெடுப்பார்கள். அதனாலேயே அந்தப் பெயர். பக்கத்தில் வெல்லிங்டன் ராணுவ முகாம், குளிர்ந்த காற்று, ஓடுகிற தண்ணீர், காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எல்லாம் அமைந்த இடம் அது.

வெடிமருந்துச் சாலையைப் போல முற்றத்தை மதிக்கிற தொழில் வேறு கிடையாது. இங்கே கட்டடத்தைவிட வெற்றிடம்தான் முக்கியம். ஒரு கொட்டடிக்கும் இன்னொரு கொட்டடிக்கும் நடுவே மண்மேடு, மேட்டின்மேல் புல், அதற்கப்பால் மரங்கள். எத்தனை ராத்தல் மருந்து வைத்திருக்கிறாயோ அதற்குத் தகுந்த தூரம் விட வேண்டும் என்பது உலகம் முழுவதும் வெடிமருந்துக்காரர்களின் வேதம். ஒன்று போனால் மற்றது போகக் கூடாது. மனிதனுக்கு மனிதன் மரியாதை கொடுப்பது போல ஒரு குவியலுக்கு இன்னொரு குவியல் மரியாதை கொடுக்கிறது!

அதே 1903-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் இன்னொரு சட்டமும் செய்தது. ராணுவக் காப்பு வேலைகளைச் சுற்றியுள்ள நிலங்களைப் பற்றிய சட்டம் அது. சர்க்கார் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு அறிவித்துவிட்டால், அதைச் சுற்றி 2000 கெஜம் வரையில் எல்லை போடலாம். அந்த எல்லைக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது என்பதோடு சட்டம் நிற்கவில்லை. மரம், மண், கல், செங்கல், ஜல்லி, மணல் எதையும் குவித்து வைக்கக் கூடாது என்றது. சாலைக்குப் போடும் கல், எரு, விளைந்த தானியம் ஆகியவற்றுக்கு மட்டும் ராணுவ அதிகாரி எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம். ஆனால் அவர் எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிட வேண்டும். நஷ்ட ஈடு கிடையாது. 1000 கெஜத்துக்குள் வந்தால் சுலபமாகப் பிரித்தெறியக்கூடிய குடிசையும் மரவேலியும்தான், அதுவும் அனுமதியோடு. 500 கெஜத்துக்குள் உலர்ந்த முள்வேலிக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

இந்தியாவின் சட்டங்களில் திறந்தவெளிச் சாமானைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சட்டம் இன்னொன்றை நான் படித்ததில்லை. குடியானவனுடைய எருக்குழியும் வைக்கோல் போரும் சாம்ராஜ்யத்தின் கண்ணில் பட்டுவிட்டன! காரணம் வெளிப்படை. எருக்குழிக்குப் பின்னால் எதிரி ஒளிந்துகொள்ளலாம். குவியலுக்குப் பயந்த சர்க்கார், குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தனக்கு ஆபத்து என்று தோன்றினால் சர்க்காரால் அங்குலம் அங்குலமாகச் சட்டம் எழுத முடியும் என்று அந்த வருஷமே நிரூபணமாகிவிட்டது.

பிறகு ஊர்த் திட்டம் என்ற புது யோசனை வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை ராஜதானியின் பல ஊர்களை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1920-இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் ஏற்பட்டது. கெடிஸ் ஒரு படம் போட்டுக் காட்டுவதுண்டு: மலையுச்சியிலிருந்து கடல் வரைக்கும் ஒரு பள்ளத்தாக்கு. உச்சியில் சுரங்கக்காரன், மரம் வெட்டி, வேடன், நடுவில் இடையனும் குடியானவனும், அடியில் மீன்பிடிக்கிறவன். ஊரைப் பற்றி யோசிக்கிறவன் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் படத்தில் நான் கற்ற பாடம்.

ஆனால் உலகம் கெடிஸின் படத்தைவிட அமெரிக்காவின் வர்ணப் படத்தைத்தான் விரும்பியது. நியூயார்க் நகரம் 1916-இல் தன்னை மண்டலம் மண்டலமாகப் பிரித்துக்கொண்டது. ஒஹையோ மாகாணத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் அப்படியே செய்தபோது, 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. 1926-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்கு வந்துவிட்டால் தப்பு பன்றியினுடையது அல்ல, இடத்தினுடையது என்ற கருத்தை நீதிபதி அழகாக எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு வர்ணம், கடைக்கு ஒரு வர்ணம், தொழிலுக்கு ஒரு வர்ணம் என்று பூசுவது உலக வழக்கமாயிற்று. தமிழ்நாட்டிலும் 1971-ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு வரைபடங்கள் வந்தன. 'சிறு தொழில்' என்று எதைச் சொல்வது என்ற கேள்விக்கு மோட்டாரின் குதிரைத் திறனை அளந்து பதில் சொன்னார்கள்.

இங்கேதான் ஒரு சிறு சறுக்கல் நடந்தது. பழைய முனிசிபாலிடிச் சட்டம் குவியலைப் பார்த்தது. புதிய திட்டச் சட்டம் யந்திரத்தைப் பார்த்தது. மோட்டார் சிறியது என்றால் தொழில் சிறியது. தொழில் சிறியது என்றால் கெடுதலும் சிறியது. இந்தக் கணக்கில் முற்றம் விட்டுப்போயிற்று.

நீலகிரிக்கு வந்த புதுத் தொழில்களும் பார்வைக்கு வெகு சுத்தமானவை. கேத்தியில் 1949-இல் ஊசித் தொழிற்சாலை வந்தது. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும்தான் அந்தத் தொழிலுக்கு மூலதனம். மலையின் சுத்தத்தை நாடித் தொழில் வந்தது. வந்த தொழில் மலையைச் சுத்தமாகவே வைத்திருக்குமா என்று கேட்கிறவன் அந்தக் காலத்தில் வயிற்றெரிச்சல்காரன். வேலைக்காக எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. அந்த பிலிம் தொழிற்சாலை 2016-இல் அடியோடு மூடப்பட்டபோது அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்தது தனிக் கதை.

இதற்கிடையில் மலையின் பூகோளம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சாமான் குவிக்கச் சமதரை வேண்டும். மலையில் சமதரை எங்கே இருக்கிறது? பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக் கரையில், சதுப்பில். ஆகவே லாரி நிறுத்துவதும், மரம் அடுக்குவதும், பழைய இரும்பு கொட்டுவதும் தண்ணீர் ஓரமாகவே போய்ச் சேர்ந்தன. உதகையில் பழைய ஏரியின் பரப்பில் ஒரு பகுதிதான் பஸ் நிலையமும், பந்தய மைதானமாக இருந்த நிலமும் என்பதைப் பிரயாணிகள் அறிய மாட்டார்கள். குன்னூர் ஆறு ஊருக்கு நடுவே ஓடி, பஸ் நிலையத்தை ஒட்டிச் சென்று, மலையிறங்கிப் பவானியில் கலக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் சமவெளியில் லட்சக்கணக்கான ஜனங்கள் குடிக்கிறார்கள்.

குன்னூரில் எனக்குப் பழக்கமான ஒருவர் காயலான் கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடைக்கு மேலே பத்தடி உயரத்தில், பழைய இரும்பும் பாட்டிலும் பாட்டரியுமாக ஒரு மலையே வைத்திருக்கிறார். ஒரு நாள் நான் மெதுவாகக் கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி, மழை வந்தால் இதெல்லாம் ஆற்றுக்குப் போகாதா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போகத்தான் செய்யும் சார். நல்ல இடத்துல வைக்காதேங்கறாங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். கெட்ட இடம் எங்கே இருக்கு, அதையாவது காட்டச் சொல்லுங்க. வாடகை கொடுத்து அங்கே போயிடறேன்" என்றார்.

எத்தனையோ அறிக்கைகளைவிட அந்தப் பதில் எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்த நூறு வருஷச் சட்டங்கள் எல்லாம் "இங்கே வைக்காதே" என்று சொல்லியிருக்கின்றன. "இங்கே வை" என்று சொல்வதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், கொஞ்சம் மனசும் வேண்டும்.

இனி, மூக்குக்குத் தெரியாத வஸ்துவின் கதை. அது நடந்தது நீலகிரியில் அல்ல. நம்முடைய இன்னொரு மலையில். கொடைக்கானலில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. நியூயார்க் மாகாணத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடப்பட்ட தொழிற்சாலையின் யந்திரங்களே இங்கே வந்து சேர்ந்தன. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியுடையதாக இருந்தது. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. புகைபோக்கி இல்லை, நாற்றம் இல்லை, சத்தம் இல்லை. காய்ச்சல் பார்க்கும் கருவி செய்கிற இடம். இதைவிடச் சாதுவான தொழில் உண்டா?

தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். அது சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தண்ணீரோடு போனால் மீனின் உடம்பில் சேரும். மீனிலிருந்து மனிதனுக்கு வரும். உடைந்த கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்த பாதரசம் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. 2001-ஆம் ஆண்டு மார்ச்சில், கொடைக்கானலின் நெருக்கடியான மூஞ்சிக்கல் பகுதியில், ஒரு பழைய சாமான் கிடங்கில், கிழிந்த சாக்குகளில் கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் வெளிப்படுத்தினார்கள். ஏழு டன்னுக்கு மேல் இருந்தது. அந்த மாதமே தொழிற்சாலை நின்றது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. தொழிற்சாலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. தொழிலாளர் உடம்புக்கோ சுற்றுப்புறத்துக்கோ கெடுதல் நேரவில்லை என்பது கம்பெனியின் கட்சி. தொழிலாளர்களின் கட்சி அதற்கு நேர் எதிரானது. 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளர்களோடு கம்பெனி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அபாயகரமான கழிவுகளைப் பற்றிய மத்திய சர்க்கார் விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. அப்படிப்பட்ட கழிவைத் தொழிற்சாலையில் 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது என்பது இன்றைய விதி. விதி இல்லாமல் போகவில்லை. ஆனால் அந்தச் சாக்கு மூட்டைகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் பழைய சாமான் கடைக்காரன். அவனிடம் போய்த் தமுக்கு அடித்தவர் யாரும் இல்லை!

நீலகிரியில் இன்று விதிகளுக்குக் குறைவில்லை. 1990-இல் மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழு ஏற்பட்டது. மலைக் கிராமங்களில் நிலத்தைப் பிரிக்கவோ கட்டவோ அதன் கண்ணில் பட்டாக வேண்டும். 1993-இன் மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் வீட்டின் உயரத்தை 7 மீட்டருக்குள் அடக்கின. வனத்துறை, புவியியல் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை என்று ஒவ்வொரு மேஜையாகக் காகிதம் நகர்கிறது. வேண்டியதுதான். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை வரும்போது மேலே கிடக்கும் எந்தக் குவியலும் தன் சொந்தக்காரனுடையதாக இருப்பதில்லை; கீழே இருக்கிறவனுடையதாகிவிடுகிறது.

என் அபிப்பிராயத்தில், மலைக்கு எழுதும் முற்றச் சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். மழை வந்தால் இந்தக் குவியல் யார் வீட்டு வழியாகப் போகும்? மூக்குக்குத் தெரியாத கெடுதல் இதில் ஏதாவது உண்டா? இதை இங்கே வைக்கக் கூடாது என்றால், எங்கே வைப்பது? முதல் கேள்வி கெடிஸ் கேட்டது. இரண்டாவதைக் கொடைக்கானல் கேட்டது. மூன்றாவது அண்ணாச்சியுடையது. முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு, கூரையும் சிமெண்டுத் தரையும் வடிகாலும் உள்ள ஒரு பொதுக் கிடங்கை, ஓடைக்கு எட்டாத ஓரிடத்தில், முனிசிபாலிடியே கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் பதில் கிடைத்துவிடும். வெடிமருந்துக்காக 2000 கெஜம் அளந்த தேசத்துக்கு இந்தக் கொஞ்ச இடத்தை அளப்பது பிரமாதமான காரியம் அல்ல.